சோப்பு ஆயிலும் ஒரு கன்னியாஸ்திரியின் செல்களும்

திருப்பூர் பக்கம் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் என்று சொன்னால், கூட வந்த சொந்தக்காரர்களில் ஒருத்தராவது இதைக் கேட்காமல் போவதில்லை: "ஏனுங்க டாக்டர், இந்தச் சாயத் தண்ணியாலதானுங்களே இதெல்லாம் வருது?"

"ஆமாங்க" என்று சொன்னால் அது பொய். "அதெல்லாம் சும்மாங்க" என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். சரியான பதிலுக்குப் பின்னால் ஐம்பது வருஷ வரலாறு இருக்கு. அதில் ஒரு கன்னியாஸ்திரி வர்றாங்க, ஒரு சிவப்புச் சாயம் வருது, ஒரு பிளாஸ்டிக் டியூப் வருது, இங்கிலாந்தில் கம்பளி அலசின ஒரு ஆறு வருது, கடைசியில் நம்ம சாயப்பட்டறை மூலையில் நிற்கும் சோப்பு ஆயில் கேன் வருது. இழை நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

முதலில் அடிப்படை. மார்பகம் ஒரு சுரப்பி. பால் சுரக்கும் குழாய்களின் உள்சுவரில் வரிசையாக ஒட்டி நிற்கும் செல்கள்தான் அதன் தொழிலாளர்கள். பருவம் வரும்போது பெருகும், கர்ப்பத்தில் இன்னும் பெருகும், குழந்தை பால் மறந்ததும் பெரும்பகுதி அழிந்து பழைய அளவுக்குத் திரும்பும். எப்போது பெருகணும், எப்போது நிறுத்தணும் என்பதை அந்தச் செல்லுக்கு யார் சொல்றாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் விஞ்ஞானிகள் சுரப்பிச் செல்களை உடம்பிலிருந்து எடுத்து ஆய்வகத் தட்டுகளில் வளர்க்க ஆரம்பிச்சாங்க.

தட்டில் வளர்ப்பது லேசான வேலை இல்லை. குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்பு, விட்டமின் எல்லாம் போட்டாலும் செல் சும்மா உட்கார்ந்திருக்கும். கன்றுக்குட்டிக் கருவின் இரத்தத்தில் இருந்து பிரித்த சீரத்தைக் கொஞ்சம் ஊத்தினால்தான் பெருக ஆரம்பிக்கும். பனியன் கம்பெனி வச்சிருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். நூல் இருக்கு, மெஷின் இருக்கு, கரண்ட் இருக்கு, டெய்லர் இருக்கார். ஆர்டர் வரலைன்னா மெஷின் ஓடாது. அந்த ஆர்டர் சீரத்துக்குள்ளே இருந்தது. அதுக்குப் பேர்தான் வளர்ச்சிக் காரணி.

முதல் ஆர்டர்களைக் கையில் பிடிச்சவங்க ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும். 1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நரம்பு செல்களை வளரவைக்கும் பொருளைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது ஏராளமாகக் கிடைச்சது. அந்தச் சுரப்பியின் சாறைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டபோது கோஹன் வேறொன்றைக் கவனிச்சார்: குட்டிகளின் கண் இமைகள் வழக்கத்துக்குப் பல நாள் முன்னாடியே திறந்துக்கிச்சு, பல்லும் சீக்கிரம் முளைச்சது. நரம்புக் காரணிக்கு இதில் வேலையே இல்லை. சாறில் இன்னொரு பொருள் இருக்கணும் என்று தேடிப் பிரிச்சார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈ.ஜி.எஃப். அதைப் பற்றிய முக்கியமான கட்டுரை 1962-ல் வந்தது, இரண்டு பேருக்கும் நோபல் 1986-ல் வந்தது. ஆரோக்கியமான மார்பகச் செல்லைத் தட்டில் வளர்க்க இன்றைக்கும் ஈ.ஜி.எஃப்., இன்சுலின், ஹைட்ரோகார்டிசோன் மூன்றும் வேணும்.

1976-ல் ஹயாஷி, கோர்டன் சாட்டோ என்ற இருவர் இன்னொரு படி மேலே போனாங்க. எலியின் பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டியில் இருந்து வந்த செல்களுக்குச் சீரமே ஊத்தாமல், ஹார்மோன்களையும் காரணிகளையும் தனித்தனியாக அளந்து போட்டு வளர்த்துக் காட்டினாங்க. சீரம் என்பது மாய மருந்து கிடையாது, ஆர்டர்களின் கட்டு, அவ்வளவுதான் என்பது தெளிவாச்சு. ஒவ்வொரு சுரப்பிச் செல்லுக்கும் அதற்கென்று ஒரு கலவை உண்டு. இந்த விஷயம் கதையின் பின்பாதிக்கு வேணும், ஞாபகம் வச்சுக்கங்க.

இப்போ கன்னியாஸ்திரி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மடத்தைச் சேர்ந்த சிஸ்டர் கேத்தரின் ஃபிரான்சிஸ் மாலன். மார்பகப் புற்றுநோய் பரவி, நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்துக்கிச்சு. 1970-ல் அந்த நீரை எடுத்தபோது, டெட்ராய்ட்டில் மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷனில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சூல் அதில் இருந்த செல்களைத் தட்டில் வளர்க்கப் பார்த்தார். அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுச் செல்கள் தட்டில் நிலைப்பதே அபூர்வம். இவை நிலைச்சது. நிறுவனத்தின் பெயர் எழுத்துகளோடு, முயற்சி எண் ஏழையும் சேர்த்து எம்.சி.எஃப்-7 என்று பேர் வச்சாங்க. 1973-ல் உலகத்துக்கு அறிவிச்சாங்க. சிஸ்டர் 1970-லேயே இறந்துட்டாங்க.

இந்தச் செல்களுக்கு ஒரு பெரிய விசேஷம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஏற்பி இவற்றில் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் பெருகும், ஏற்பியை அடைத்தால் அடங்கும். டமாக்சிஃபென் எப்படி வேலை செய்யுது என்று உலகம் படிச்சுக்கிட்டதில் பெரும்பங்கு இந்தச் செல்களிடம்தான். உங்க வீட்டில் யாராவது மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வருஷக்கணக்காக அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதில் சிஸ்டர் மாலனுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அதோட ஒரு சண்டையும் ஆரம்பிச்சது. ஈஸ்ட்ரோஜன் எப்படிச் செல்லைப் பெருக வைக்குது? அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மார்க் லிப்மன் குழு சொன்னது: ஈஸ்ட்ரோஜன் வந்ததும் செல் தானே வளர்ச்சிக் காரணிகளைத் தயாரிச்சு வெளியே விடுது, அதையே திரும்ப வாங்கிப் பெருகுது. அதாவது ஆர்டரைத் தனக்குத்தானே எழுதிக்குது.

பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அனா சோட்டோ, கார்லோஸ் சோனென்ஷைன் இருவரும் இதை ஏத்துக்கலை. தென் அமெரிக்காவில் இருந்து போனவங்க, எல்லாரும் ஒரு பக்கம் போனா மறுபக்கம் பார்க்கிற ரகம். அவங்க வாதம் இது: செல்லின் இயல்பே பெருகுவதுதான். மெஷின் எப்பவும் ஓடத் தயாராகத்தான் நிற்குது. சீரத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள் பிரேக் போட்டு வச்சிருக்கு, ஈஸ்ட்ரோஜன் வந்து அந்தப் பிரேக்கை எடுத்துவிடுது. அந்தப் பிரேக் எது என்று பிடிக்கத்தான் அவங்க வருஷக்கணக்காக உழைச்சாங்க. யார் சொன்னது சரி என்பதற்குள் இப்போ போகலை. வளர்ச்சிக் காரணிகளுக்கு இன்றைக்கு இருக்கும் ஆதாரம் மலையளவு. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அடுத்து நான் சொல்லப் போவது வெளியே வந்திருக்காது.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை, சாயக்காரங்களுக்குப் பிடிக்கும். செல் வளர்க்கும் திரவம் எந்த ஆய்வகத்திலும் ரோஸ் கலந்த சிவப்பாகத்தான் இருக்கும். காரணம் ஃபீனால் ரெட் என்ற சாயம். திரவம் புளிச்சால் மஞ்சள், காரமானால் ரோஸ், அதைப் பார்த்து நிலைமையைத் தெரிஞ்சுக்கலாம். பல வருஷம் அதை யாரும் சந்தேகப்படலை. 1986-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கட்செனெலன்போகன் தம்பதியின் குழு ஒரு உண்மையைப் போட்டு உடைச்சது: ஈஸ்ட்ரோஜன் இல்லாத தட்டு என்று உலகமே நம்பிக்கிட்டு இருந்த தட்டுகளில், இந்தச் சாயமே பலவீனமான ஈஸ்ட்ரோஜனாக வேலை செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. இரண்டு வருஷம் கழிச்சு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், குற்றவாளி சாயமே இல்லை, சாயத்தோடு கலந்து வந்த ஒரு அசுத்தம். சாயம் வாங்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. பேர் ஒன்றுதான், உள்ளே இருப்பது லாட்டுக்கு லாட் மாறும்.

இப்போ 1987 டிசம்பர், கிறிஸ்துமஸ் நேரம். சோட்டோவும் சோனென்ஷைனும் வழக்கமான சோதனைதான் செஞ்சாங்க. சீரத்தைக் கரித்தூள் போட்டு வடிகட்டி, ஹார்மோனை எல்லாம் எடுத்துட்டு, எம்.சி.எஃப்-7 செல்களுக்கு ஊத்தினாங்க. சில தட்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சேர்த்தாங்க, சிலவற்றில் சேர்க்கலை. சேர்க்காத தட்டுகளில் செல்கள் அடங்கிக் கிடக்கணும். பார்த்தால் எல்லாத் தட்டிலும் செல்கள் கண்டபடி பெருகியிருக்கு.

ஆய்வகத்தையே கழுவினாங்க. யார் கையிலாவது ஈஸ்ட்ரோஜன் ஒட்டியிருந்து கலந்துடுச்சா என்று பார்த்தாங்க. ஒவ்வொரு பாட்டிலையும் ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு பொடியையும் மாத்தி மாத்திச் சோதிச்சாங்க. மாசங்கள் ஓடுச்சு. கடைசியில் அகப்பட்டது, சீரத்தைச் சேமிச்சு வைக்கும் பிளாஸ்டிக் டியூப். பல வருஷமாக அதே கம்பெனி, அதே கேட்டலாக் நம்பர். ஆனால் டியூப் எளிதில் உடையாமல் இருக்கணும்னு கம்பெனி சத்தமில்லாமல் பிளாஸ்டிக் கலவையை மாத்தியிருந்தது.

1988-ல் கம்பெனிக்காரர்களைச் சந்திச்சு, "உள்ளே என்ன போடறீங்க?" என்று கேட்டாங்க. தொழில் ரகசியம் என்று பதில் வந்தது. சொல்ல மாட்டேன் என்றால் நாங்களே கண்டுபிடிக்கிறோம் என்று இருவரும் டியூபில் இருந்து கசியும் பொருளைப் பிரிச்செடுக்க ஆரம்பிச்சாங்க. எம்.ஐ.டி. வேதியியலாளர்களும் உதவினாங்க. அதுக்கே இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1991-ல் கட்டுரை வந்தது. பொருளின் பேர் நோனைல்ஃபீனால். பிளாஸ்டிக் சீக்கிரம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. கருப்பை உள்சுவர் பெருகுதா என்று எலியிலும் சோதிச்சாங்க, அங்கேயும் பெருகுச்சு.

எனக்கு இந்த வரலாற்றில் பிடிச்ச இடம் இதுதான். கம்பெனி லேபிளில் எழுதாத விஷயத்தை, செத்துப் பதினேழு வருஷம் ஆன ஒரு பெண்ணின் சுரப்பிச் செல்கள் வெளியே சொல்லிடுச்சு. அவற்றுக்குத் தொழில் ரகசியம் தெரியாது. ஆர்டர் மாதிரி ஒன்று வந்தால் ஓடும், அனுப்பினது யார் என்று பார்க்காது.

பிறகு சோட்டோ குழு இந்தக் குணத்தையே ஒரு சோதனை முறையாக மாத்தினாங்க. சந்தேகப்படும் எந்த ரசாயனத்தையும் எம்.சி.எஃப்-7 தட்டில் போட்டு, செல் எவ்வளவு பெருகுது என்று எண்ணிப் பார்ப்பது. ஈ-ஸ்கிரீன் என்று பேர். பூச்சிமருந்துகளில் இருந்து பிளாஸ்டிக் பொருட்கள் வரை நிறையப் பொருட்கள் அதில் மாட்டுச்சு.

நோனைல்ஃபீனால் டியூபோடு நின்றிருந்தால் இதைத் திருப்பூர்க்காரங்க படிக்கத் தேவையே இல்லை. அது பெரிய அளவில் போகும் இடம் வேறு. நோனைல்ஃபீனாலோடு எதிலீன் ஆக்சைடைச் சங்கிலி மாதிரி கோர்த்தால் நோனைல்ஃபீனால் எதாக்ஸிலேட் கிடைக்கும். தலை தண்ணீரைப் பிடிக்கும், வால் எண்ணெயைப் பிடிக்கும். மலிவான, அருமையான அழுக்கு நீக்கி. கருத்தடை ஜெல்லில் வரும் நோனாக்ஸினால்-9 கூட இந்தக் குடும்பம்தான். நம்ம பக்கம் பேசுற பாஷையில் சொன்னால் சோப்பு ஆயில், வெட்டிங் ஆயில். வியாபாரத்தில் என்.பி. 9.5 என்று கேட்டால் கடைக்காரருக்கு உடனே புரியும்.

நிட்டிங்கில் இருந்து இறங்கும் கிரே துணியில் பருத்தியின் மெழுகு இருக்கும், மெஷினின் ஊசி எண்ணெய் இருக்கும். அப்படியே சாயத்தில் போட்டால் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். அதனால் முதலில் அலசணும், துணிக்குள் தண்ணி இறங்கணும். அந்த வேலையைப் பல வருஷம் இந்தியா முழுக்கச் செஞ்சது இந்த மாதிரி ஆயில்தான். துணி வெளுத்து வெளியே வரும், ஆயில் தண்ணியோடு போகும்.

தண்ணியோடு போனால் என்ன ஆகும்? இங்கேதான் விஷமம். கழிவுநீரில் இருக்கும் பாக்டீரியா அந்த எதிலீன் ஆக்சைடு சங்கிலியை வால் பக்கம் வரை கடிச்சுத் தின்னுடும். வால் மட்டும் மிஞ்சும். மிஞ்சுவது நோனைல்ஃபீனால், அதாவது தொடக்கப் பொருளை விட ஈஸ்ட்ரோஜன் குணம் அதிகமானது, சீக்கிரம் அழியாதது, தண்ணியில் கரையாமல் சேற்றிலும் கொழுப்பிலும் ஒட்டிக்கொள்வது. சுத்திகரிச்சால் மோசமாகும் பொருள் உலகத்தில் அதிகம் கிடையாது. இது அதில் ஒன்று.

ஆற்றில் அது என்ன செய்யும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டினதும் ஒரு துணி ஊர்தான். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர், உலகத்துக்கே கம்பளித் துணி போட்ட பிராட்ஃபோர்டு வட்டாரம். அந்தப் பக்கம் ஓடும் ஆறு ஏர். ஆட்டு ரோமத்தின் பிசுக்கைக் கழுவும் ஆலைகள் இதே எதாக்ஸிலேட்டைத்தான் பயன்படுத்தின, கழிவு சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றுக்குப் போனது. ஜான் சம்ப்டர், சூசன் ஜோப்ளிங் ஆகியோர் இருந்த பிரூனல் பல்கலைக்கழகக் குழுவினர் 1990-களில் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் வச்சு ஆற்றில் இறக்கினாங்க. சில வாரத்தில் அந்த ஆண் மீன்களின் இரத்தத்தில் வைட்டலோஜெனின் ஏறிப்போச்சு. அது முட்டைக் கருவுக்கான புரதம், பெண் மீன்களுக்குத்தான் வேலை. ஆண் மீனின் கல்லீரலிலும் அதற்கான மரபணு இருக்கும், ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஆர்டர் வராமல் வேலை செய்யாது. அந்த ஆற்றில் ஆர்டர் வந்துக்கிட்டே இருந்தது. விரைகளின் வளர்ச்சியும் குறைஞ்சது.

இங்கிலாந்தின் மற்ற பல ஆறுகளில் மீன்கள் இப்படி ஆனதுக்கு முக்கியக் காரணம் மனிதச் சிறுநீரில் போகும் ஹார்மோன்களும் கருத்தடை மாத்திரையும். ஏர் ஆற்றில் மட்டும் கை நீட்ட ஒரு தொழில் இருந்தது. ஆலைகள் சோப்பை மாத்தினாங்க. சில வருஷம் கழிச்சு மீன்களைத் திரும்ப இறக்கிப் பார்த்தபோது பாதிப்பு குறைஞ்சிருந்தது. ஆலையை மூடலை, ஆற்றைத் திருப்பலை. கேனை மாத்தினாங்க.

இதே வருஷங்களில் நம்ம நொய்யல் எங்கே இருந்தது என்று பாருங்க. வெள்ளை பனியன் போட்டுக்கிட்டு இருந்த திருப்பூர் 1980-களில் ஏற்றுமதிக்குக் கலர் டி-ஷர்ட் போட ஆரம்பிச்சது. கலர் என்றால் சாயம், சாயம் துணியில் ஏற உப்பு, எல்லாத்துக்கும் தண்ணி. சுமார் 10,000 ஏக்கர் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிச்சது 1992-ல், சோட்டோவின் கட்டுரை வந்த அடுத்த வருஷம். அந்த அணை பாசன அணையாக இருந்தது கொஞ்ச காலம்தான். சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறி, திறந்துவிட்டால் கீழே கரூர் வரைக்கும் விவசாயிங்க அலறினாங்க.

விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்றது, விட்டால் லிட்டருக்குப் பைசாக் கணக்கில் அபராதம் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம்தான் நின்றது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த மாசங்களை ஊரில் யாரும் மறக்கலை. அதுக்குப் பிறகுதான் பூஜ்ஜியக் கழிவு முறை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுக்கும் முறை. இவ்வளவு பெரிய தொழில் கூட்டத்தில் இதைச் செஞ்சு காட்டினது சின்ன விஷயம் இல்லை, திருப்பூரைத் திட்டுறவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆனால் அந்தப் பதினைந்து, இருபது வருஷ வழக்குகளில் பேசின பாஷையைக் கவனிங்க. டி.டி.எஸ்., உப்பு, நிறம். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற எண் கொங்கு நாட்டு விவசாயிக்குக் கூட மனப்பாடம். அது சரியான சண்டைதான், பயிர் செத்தது உப்பால்தான். நோனைல்ஃபீனால் உப்புக் கணக்கில் வராது. நிறம் கிடையாது. லிட்டரில் மைக்ரோகிராம் அளவில் இருந்தாலே மீனுக்குப் போதும். தெளிந்த, நிறமில்லாத, டி.டி.எஸ். குறைந்த தண்ணியிலும் அது இருக்க முடியும். சுத்திகரிப்பில் பிடிபட்டாலும் சேற்றோடுதான் போய் உட்காரும். அதனால் கசடை எங்கே வைக்கிறோம், மழை பெய்தால் எங்கே போகுது என்பது உப்பை விட முக்கியமான கேள்வியாகிடுது.

அப்புறம் திருப்பூரில் இந்த ஆயில் குறைஞ்சதே, எதனால்? ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் சட்டம் போட்டு, 2005 தொடக்கத்தில் இருந்து தன் ஊர் ஆலைகளில் இதைக் கட்டுப்படுத்திடுச்சு. ஆனாலும் அவங்க ஆறுகளில் இது வந்துக்கிட்டே இருந்தது. தேடினால் இறக்குமதித் துணி. நாம அலசி அனுப்பின டி-ஷர்ட்டில் மிஞ்சின ஆயில், அங்கே வீட்டு வாஷிங் மெஷினில் முதல் சில துவைப்பில் கரைஞ்சு அவங்க சாக்கடைக்குப் போகுது. 2011-ல் கிரீன்பீஸ் பல நாடுகளின் கடைகளில் வாங்கின 78 உடைகளைச் சோதிச்சது, 52-ல் எதாக்ஸிலேட் இருந்தது. பெரிய பிராண்டுகளுக்கு மானப் பிரச்சினை ஆச்சு. 2016-ல் ஐரோப்பா விதி போட்டது: துவைக்கக்கூடிய துணியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது 0.01 சதவீதம், அல்லது அதற்கு மேல் இருந்தால் 2021 பிப்ரவரி 3-க்குப் பிறகு விற்க முடியாது. பையர் லிஸ்டில் "ஏ.பி.இ.ஓ. ஃப்ரீ" என்ற வார்த்தை வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. துணியில் மிஞ்சினது கொஞ்சம், அலசின தண்ணியில் போனது நிறைய. கொஞ்சம் போன ஊர் ஆற்றைக் காப்பாத்தச் சட்டம் வந்தது. நிறையப் போன ஊரில், அந்தச் சட்டத்துக்குப் பயந்து எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு மட்டும் கேன் மாறிச்சு. காதர்பேட்டையில் விற்கும் துணிக்கு எந்தப் பையரும் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிறதில்லை. அதே ஆறு, அதே நிலத்தடி நீர்.

சரி, முதல் கேள்விக்கு வர்றேன். சாயத் தண்ணியால்தான் புற்றுநோயா?

தட்டில் நடந்தது நிஜம். மீனில் நடந்தது நிஜம். ஆனால் நோனைல்ஃபீனால் நம்ம உடம்பின் ஈஸ்ட்ரோஜனை விடப் பல ஆயிரம் மடங்கு பலவீனமானது. தட்டில் செல்லுக்குக் கல்லீரல் கிடையாது, நமக்கு உண்டு, உள்ளே வருவதில் பெரும்பகுதியை அது மாத்தி வெளியேத்திடும். இந்த ரசாயனத்தால் மனிதர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருது என்று நிரூபணம் இல்லை. மார்பகப் புற்றுநோயில் உறுதியாகத் தெரிஞ்ச காரணங்கள் வேறு: வயசு, குடும்ப வரலாறு, சில மரபணுக்கள், முதல் குழந்தை தாமதமாவது, தாய்ப்பால் குறைவது, மாதவிலக்கு நின்ற பிறகு கூடும் எடை, மது. உங்க அம்மாவுக்கு வந்த கட்டிக்கு இந்த ஆறுதான் காரணம் என்று என்னால் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

அதே சமயம், கருவில் இருக்கும் குழந்தை, பருவம் வரும் வயசுப் பிள்ளை, இவங்க உடம்பில் சுரப்பிகள் ஆர்டருக்குக் காத்திருக்கும் காலம். அந்த நேரத்தில் போலி ஆர்டர்களைக் குறைப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிரூபணம் வரட்டும் என்று யார்க்‌ஷயர்க்காரங்க மனுஷங்களில் சோதிக்கலை, மீனைப் பார்த்ததுமே கேனை மாத்திட்டாங்க.

சாயத் தண்ணிப் பழியில் இன்னொரு ஆபத்து இருக்கு. "ஊரே இப்படி, நாம என்ன பண்ண முடியும், விதி" என்று மனசு விட்டுடறாங்க. கட்டி வலிக்கலையே என்று ஆறு மாசம் தள்ளிப் போடறாங்க. மார்பகப் புற்றுக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. வலியில்லாத கட்டி, உள்ளே இழுத்த காம்பு, காம்பில் இரத்தக் கசிவு, தோலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி, இதில் எது இருந்தாலும் ஷிஃப்ட் முடியட்டும், சம்பளம் வரட்டும் என்று பார்க்காமல் வாங்க. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றாக இருந்தால், சிஸ்டர் மாலனின் செல்களில் படிச்ச மாத்திரை இன்றைக்கும் உங்களுக்கு உதவ வாய்ப்பு உண்டு.

பட்டறை, வாஷிங் யூனிட் வச்சிருக்கிறவங்களுக்கு, அங்கே வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு வேலை. நாளைக்குப் போனதும் சோப்பு ஆயில், வெட்டிங் ஆயில் கேன்களைத் திருப்பிப் பாருங்க. சப்ளையர்கிட்ட பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்க, கேட்டால் தரணும். அதில் 9016-45-9 என்ற எண் இருந்தால் அது நோனைல்ஃபீனால் எதாக்ஸிலேட். பேர் எதுவாக வேணும்னாலும் இருக்கட்டும், எண்ணைப் பாருங்க; ஆனால் இந்தக் குடும்பத்துக்கு வேறு எண்களும் உண்டு. அதுக்குப் பதிலாக ஆல்கஹால் எதாக்ஸிலேட் வகை ஆயில்கள் மார்க்கெட்டில் இருக்கு, எக்ஸ்போர்ட் லாட்டுக்கு நீங்களே போடுற அதே கேன்தான். தொழில் ரகசியம், தாள் தர முடியாது என்று சப்ளையர் சொன்னால், 1988-ல் பாஸ்டனில் சொன்ன பதிலும் அதுதான் என்று அவர்கிட்ட சொல்லுங்க.